ட்ரெய்னிக்குப் பூட்டு கிடையாது

சாலை, திருவனந்தபுரம்
9-6-2025

ஆர்யாவுக்கு அம்மா எழுதுவது.

சுகமா என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும். கேட்க மனசு வரவில்லை. நீ எர்ணாகுளத்தில் இல்லை என்று எனக்குத் தெரிந்துபோயிற்று.

யார் சொன்னார்கள் என்று மண்டையை உடைக்காதே. மேல்வீட்டு சிஜிதான். அவள் மகள் ஜினி உன் காலேஜில்தானே படிக்கிறாள். நேற்று மாவு கேட்டு வந்தவள், "சேச்சி, கஞ்சிக்கோட்டில மோளுக்கு சுகம்தன்னே?" என்று சாதாரணமாய்க் கேட்டாள். கஞ்சிக்கோடு இல்லை, எர்ணாகுளம் என்று நான் சொன்னேன். அவள் முகம் மாறினதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. மாவை வாங்காமலே போய்விட்டாள், பாவம்.

எர்ணாகுளம், ஏசி ஆபீஸ், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று சொன்னாய். நானும் முறுக்கு சுட்டு டப்பாவில் அடைத்து உன்னை ரயில் ஏற்றிவிட்டேன். அந்த முறுக்கை எந்த ஊரில் வைத்துத் தின்றாய்?

கஞ்சிக்கோட்டில் அதே கோழித்தீவனக் கம்பெனி. உன் அண்ணன் சுதீஷை எந்தக் கேட் வழியாக வெள்ளைத் துணியில் சுற்றி வெளியே கொண்டுவந்தார்களோ அதே கேட். ஆடி வந்தால்தான் இரண்டு வருஷம். இனி ஒரு பிள்ளையையும் அங்கே அனுப்பமாட்டோம் என்று காலேஜ் சார் நம் வீட்டில் நின்று சொன்னார். ஒரு வருஷம் அனுப்பவில்லை. மறு வருஷம் மறந்துவிட்டார்கள். கம்பெனிக்குச் சம்பளம் கேட்காத கை வேண்டும், காலேஜுக்கு ஒரு சர்டிபிகேட் வேண்டும். அதற்குத்தான் இன்டர்ன்ஷிப் என்று பேர்.

நீ போன் பண்ணிப் பார்த்திருப்பாய். அந்தச் சேதி வந்ததில் இருந்து போன் அடித்தால் என் கை அதன் பக்கம் போவதில்லை, உனக்குத் தெரியும். நீ வீட்டில் இருந்தவரை நீ எடுத்தாய். நீ போன அன்றைக்கே அதை அரிசிப் பானைக்குள் போட்டு மூடிவிட்டேன். கொஞ்ச நாள் உள்ளேயே கிடந்து அடித்தது. இப்போது அதுவும் இல்லை. சொல்ல வேண்டியதை எழுது.

இங்கே மழைதான். கடைக்கு ஆள் வரத்து குறைவு. மாடித் தொட்டியில் சுதீஷ் பொருத்திக் கொடுத்த சாமான் இப்பவும் கெடாமல் இருக்கிறது. தொட்டி நிறைந்ததும் மோட்டார் தானாக நிற்கிறது. "எம்மா, மெஷின் எப்ப ஓடணும், எப்ப நிக்கணும்னு அதுக்குச் சொல்லிக் கொடுக்குற படிப்பாக்கும் இது" என்று சொல்லுவான். காலையில் அது நிற்கிற சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் நான் அடுப்பைப் பற்றவைக்கிறேன்.

எனக்கு இருப்பது இனி நீ ஒருத்திதான். கடிதம் கிடைத்த அன்றைக்கே புறப்பட்டு வா. வருஷம் போனால் போகட்டும்.

உன்னைப் பெற்றவள்
உலகம்மை


கஞ்சிக்கோடு
13-6-2025

அம்மாவுக்கு,

பொய் சொன்னேன். உண்மையைச் சொல்லியிருந்தால் நீ என்னை ஸ்டேஷன் வரைக்கும்கூட விட்டிருக்கமாட்டாய். முறுக்கை இந்த ஊரில் வைத்துத்தான் தின்றேன். பாதியை ஹாஸ்டல் பிள்ளைகள் தின்றார்கள்.

ஏன் வந்தேன் என்று சொல்கிறேன். கோபப்படாமல் வாசி. எங்களுக்கு மூன்றாம் வருஷத்தில் சேஃப்டி என்று ஒரு வகுப்பு உண்டு. இன்டர்ன்ஷிப்புக்குப் போகும் முன்னால் எடுப்பார்கள். அதில் சார் சொல்வார்: "கேட்காமல் எந்த மெஷினுக்குள்ளும் இறங்காதீர்கள். நம் காலேஜில் சுதீஷ் என்று ஒருவன் கேட்காமல் இறங்கினான்." பெயரைச் சொல்லியே சொல்வார். நான் அந்த வகுப்பில் இரண்டாம் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். நான் யார் என்று அவருக்குத் தெரியாது. என் பக்கத்தில் இருந்த ஜினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கம்பெனி என்ன எழுதிக்கொடுத்ததோ அதைத்தான் அவரும் சொல்கிறார். வருஷா வருஷம் சொல்லப் போகிறார்.

அண்ணன் கேட்காமல் நம் வீட்டில் ஒரு பப்படம் எடுத்ததுண்டா? எடுத்தது எல்லாம் நான். அடி வாங்கினது அவன். அவனா கேட்காமல் இறங்கியிருப்பான்? அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தக் கம்பெனிக்கு நானே பெயர் கொடுத்தேன்.

இங்கே போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், ஷிஃப்ட் முடிந்துதான் தருவார்கள். என்னோடு வந்திருப்பது வெங்கிடேஷ் என்ற பையன் மட்டும்தான். நம்மூர்தான், கரமனை அக்ரஹாரம். கோழித்தீவனத்தில் கருவாட்டுத் தூள் கலக்கிறார்கள். அந்த நாற்றத்துக்கு மூக்கில் பச்சைக் கற்பூரம் வைத்துக்கொண்டு அலைகிறான். "ஆர்யா, எங்காத்துக்குத் தெரிஞ்சா என்னையும் கர்ச்சீப்பையும் சேத்து வாசல்லயே நனைச்சு வைப்பா" என்கிறான். சிரிக்கவைக்கிறான். நல்ல பையன்.

இன்னொன்றையும் மறைக்க விருப்பமில்லை. எங்களுக்கு வேலை சொல்லித்தருவது பத்மகுமார் சார். அண்ணனுக்கும் அவர்தான். முதல் நாளே என்னை அடையாளம் கண்டுகொண்டார். தண்ணீர் குடிக்கப் போனவர் வெகுநேரம் திரும்பி வரவில்லை.

இப்போதைக்கு நாங்கள் கன்ட்ரோல் ரூமில்தான் இருக்கிறோம். மெஷின் பக்கம் விடவில்லை. பயப்படாதே.

ஆர்யா


சாலை
17-6-2025

ஆர்யா,

பயப்படாதே என்று நீ எழுதிவிட்டால் பயம் போய்விடுமா?

பத்மகுமாரை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. பதினாறு முடிந்த மறுநாள் கம்பெனி ஆட்கள் வீட்டுக்கு வந்தார்களே. எல்லாரும் உட்கார்ந்தார்கள். அவர் மட்டும் கடைசி வரைக்கும் உட்காரவில்லை. பெரிய மேனேஜர் பேசினார், பேசினார், பிள்ளை கேட்காமல் இறங்கிவிட்டான் என்று நான்கு விதமாகச் சொன்னார். எனக்கு அந்தப் பேச்சு எதுவும் காதில் ஏறவில்லை. நான் பத்மகுமாரைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "எம் பிள்ள சாப்பிட்டிருந்தானா?" அவர் தரையைப் பார்த்துக்கொண்டு பாதித் தமிழில், "சாப்பிட்டு, அம்மே" என்றார். சாப்பிட்டான் என்கிற அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் இத்தனை நாள் சோறு வடித்தேன்.

சுதீஷ் கடைசியாய்ப் பேசினதும் காதிலேயே இருக்கிறது. மெஷினுக்குள்ளே இறங்கும் வேலை இருக்கிறது என்றான். எனக்குத் திக்கென்றது. "சார் கூட இருப்பாரும்மா, நீ என்னத்துக்குப் பயப்படுக" என்றான். சார் கூட இருக்கிறார் என்றால் சரிதானே என்று நான் போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன்.

நீ எதையும் தெரிந்துகொள்ள வேண்டாம். காலேஜில் அவனைப் பற்றி என்ன சொன்னால் என்ன, அவன் காதுக்கு எட்டவா போகிறது? நம் காதைப் பொத்திக்கொள்வோம். வந்துவிடு. ஆடி அமாவாசை வாவுக்குத் திருவல்லம் போய் அவனுக்குப் பிண்டம் வைக்க வேண்டும். நான் தனியாகப் போகமாட்டேன்.

பகவதிப்பெருமாள் அண்ணாச்சி தினமும் கேட்கிறார், "இஞ்சினியர் பிள்ளைக்க விவரம் என்ன" என்று. கடை முதலாளியிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பழக்கமும் இல்லை. அது உனக்குத்தான் வருகிறது.

அம்மா


கஞ்சிக்கோடு
23-6-2025

அம்மாவுக்கு,

திட்டினது போதும். தெரிந்துகொள்ள வேண்டாம் என்றாய். நான் கேட்காமலே அவர் சொல்லிவிட்டார். தெரிந்த பிறகு உன்னிடம் மறைத்து வைத்தால் அதுவும் பொய்தானே.

நீ பூட்டுக் கடைக்காரி. உனக்குச் சொன்னால் புரியும். இங்கே ஒரு மெஷினுக்குள் இறங்க வேண்டும் என்றால் முதலில் அதன் மெயின் சுவிட்சைக் கீழே தள்ளி, அந்தக் கைப்பிடியில் ஒரு சிவப்புப் பூட்டை மாட்டுவார்கள். உள்ளே இறங்குகிற ஒவ்வொருவரும் அவரவர் பூட்டை மாட்ட வேண்டும். மூன்று பேர் இறங்கினால் மூன்று பூட்டு. பூட்டில் பேரும் போட்டோவும் ஒட்டியிருக்கும். சாவி உள்ளே போகிறவர் பையில் இருக்கும். கடைசி ஆள் வெளியே வந்து தன் பூட்டைத் திறக்கிற வரைக்கும் யார் நினைத்தாலும் அந்த சுவிட்சை மேலே தூக்க முடியாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பூட்டு கம்பெனியில் நிரந்தர வேலையில் இருக்கிறவர்களுக்கு மட்டும்தான். ட்ரெய்னிக்குப் பூட்டு கிடையாது. பயிற்சிக்கு வந்த நாங்கள் சாரின் பூட்டை நம்பி இறங்க வேண்டும்.

இங்கே இன்னொரு சட்டம், தன் பூட்டைத் தொங்கவிட்டு யாரும் அந்த இடத்தை விட்டுப் போகக் கூடாது. போனால் மெமோ. அதனால் ஏறி வந்ததும் பூட்டைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வது எல்லாருக்கும் கைப்பழக்கம். செருப்பு மாட்டுகிற மாதிரி.

அன்றைக்குத் தீவனம் கலக்கிற மிக்ஸருக்குள் ஒரு சென்சரை மாற்ற பத்மகுமார் சாரும் அண்ணனும் இறங்கினார்கள். அண்ணன் கேட்காமல் இறங்கவில்லை, அம்மா. இறங்கச் சொன்னதே சார்தான். சாப்பாட்டு நேரம் ஆயிற்று. சார் ஏறி வந்து கூப்பிட்டார். "ஒரு நட்டுதான் சார், முறுக்கிட்டு வந்துடுகேன்" என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். சார் சரி என்று கேன்டீனுக்கு நடந்தார். போகிற போக்கில் கை தானாகப் பூட்டைக் கழற்றிவிட்டது. சுவிட்சில் வேறு பூட்டு இல்லை. அந்தப் பக்கம் வந்த ஆபரேட்டர் வேலை முடிந்தது என்று நினைத்து சுவிட்சைப் போட்டுவிட்டான்.

சார் எதிரே நின்றுதான் இதைச் சொன்னார். "மோளே, ஞான் சோறு உண்ணான் போயதா" என்றார். சோறு தின்னப் போனேன் என்று. இதை எழுதித் தருவீர்களா என்று கேட்டேன். வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார்.

நீ அவரிடம் கேட்ட கேள்விக்கு அவர் சொன்னது உண்மை இல்லை. அண்ணன் சாப்பிடவில்லை. உனக்கு இதை எழுத வேண்டாம் என்றுதான் இரண்டு நாள் பேனாவை எடுக்காமல் இருந்தேன்.

அடுத்த மாதம் 20ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பெரிய கிளீனிங். அன்றைக்கு எங்களையும் மிக்ஸருக்குள் இறக்குவார்கள். அதுவரை வெளியே சின்னச் சின்ன வேலைதான்.

ஆர்யா


சாலை
27-6-2025

மக்களே,

உன் கடிதத்தை வாசித்துவிட்டு மடித்து வைத்தேன். மறுபடி எடுத்து வாசித்தேன். அவன் சாப்பிடவில்லை என்ற இடத்தில் கண் நிற்கவில்லை, தாண்டித் தாண்டிப் போகிறது. நீ எழுதினது நல்லதுதான். யாரோ தின்ற சோற்றை என் பிள்ளை தின்றதாக நினைத்து இத்தனை நாள் இருந்துவிட்டேன்.

ஒரு பூட்டு, ஆர்யா. ஒரு பூட்டுதானா?

உங்கள் அப்பா போனதில் இருந்து அண்ணாச்சி கடையில் பூட்டும் ஆணியும் கொண்டியும் விற்றுத்தான் உங்கள் இரண்டு பேரையும் படிக்கவைத்தேன். பித்தளைப் பூட்டு, இரும்புப் பூட்டு, சைக்கிளுக்கு, ஷட்டருக்கு, கோயில் உண்டியலுக்கு என்று என் கை படாத பூட்டு சாலைக் கடைத்தெருவில் கிடையாது. வேண்டும் என்று ஒரு வார்த்தை யாராவது சொல்லியிருந்தால் அவன் பையில் அவல் பொட்டலத்தோடு ஒன்றைப் போட்டு அனுப்பியிருக்கமாட்டேனா? அத்தனை பெரிய கம்பெனிக்கு, படிக்க வந்த பிள்ளைக்கு ஒரு பூட்டு கொடுக்க முடியவில்லை.

மறுநாள் கடையில் போய் நல்ல கெட்டிப் பூட்டாக ஒன்று எடுத்தேன். அண்ணாச்சி மூக்குக் கண்ணாடிக்கு மேலே பார்த்து, "என்ன உலகம்மை, வீட்டுல பொன்னு கிடக்கா, இவ்வளவு பெரிய பூட்டு எடுக்குக" என்று கேலி பண்ணினார். விஷயத்தைச் சொன்னேன். கேலியை விட்டுவிட்டார். பூட்டை என் கையில் இருந்து வாங்கி, சாமான் பெட்டியில் இருந்த கூர் ஆணியை எடுத்து, சுத்தியலால் தட்டித் தட்டி உன் பேரை அதில் வெட்டிக்கொடுத்தார். ஒரு ஆள் வந்து குழாய் கேட்டதற்கு, "நாளைக்கு வா" என்று அனுப்பிவிட்டார். யாரையும் நாளைக்கு வா என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

பார்சலில் அனுப்பியிருக்கிறேன். போட்டோவுக்கு எங்கே போவேன், உன் பள்ளிக்கூட ஐடி கார்டில் இருந்ததை வெட்டி ஒட்டியிருக்கிறேன். இரட்டைச் சடையோடு இருக்கிறாய். இருக்கட்டும், பார்க்கிறவன் சின்னப் பிள்ளை என்றாவது நினைக்கட்டும். இரண்டு சாவியில் ஒன்று உனக்கு. மற்றது என் கழுத்துச் செயினில் கிடக்கிறது. நீ எதையும் தொலைக்கிறவள்.

இதை அனுப்பினதால் நீ அங்கே இருக்கலாம் என்று நான் சொன்னதாக எடுத்துக்கொள்ளாதே. வா என்றுதான் சொல்கிறேன். வருகிற வரைக்கும் எந்த சுவிட்சையும் இந்தப் பூட்டு மாட்டாமல் தாண்டாதே. அந்த இருபதாம் தேதிக்கு முன்னால் வந்துவிடு.

அம்மா


கஞ்சிக்கோடு
8-7-2025

அம்மாவுக்கு,

பார்சல் வந்தது. பூட்டைப் பார்த்து வெங்கிடேஷ், "இது சுவிட்சுக்கா, பத்மநாப சுவாமி நிலவறைக்கா?" என்று கேட்டான். போட்டோவைப் பார்த்து இன்னும் சிரித்தான். அப்புறம் எதற்கு என்று சொன்னேன். அவனுக்கு அண்ணன் கதை தெரியும், அது என் அண்ணன் என்று மட்டும் தெரியாது. அன்றைக்கு முழுவதும் அவன் கற்பூரம்கூட வைத்துக்கொள்ளவில்லை.

இந்த முறையில் ஒரு பூட்டுக்கு ஒரு சாவிதான் இருக்கலாம், அம்மா. இரண்டாவது சாவி யாரிடமும் இருக்கக் கூடாது. உன்னிடம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். நீ வந்து திறக்கப் போகிறாயா என்ன.

நேற்று காலையில் என்னையும் வெங்கிடேஷையும் ஒரு கன்வேயரைத் துடைக்க இறக்கினார்கள். சார் தன் பூட்டை மாட்டினார். நான் என் பூட்டைப் பக்கத்தில் மாட்டினேன். சார் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. பாதி வேலையில் ஆபீஸில் இருந்து எனக்கு ஆள் வந்தது, ஏதோ கையெழுத்து வேண்டுமாம். நான் சாவியோடு போனேன். போன இடத்தில் உட்கார வைத்துவிட்டார்கள். அதற்குள் இங்கே வேலை முடிந்து சார் தன் பூட்டை எடுத்துவிட்டார். லைனை ஓட்ட வேண்டும், என் பூட்டு தொங்குகிறது. சார், "அது அவளோட பூட்டு, அவ வரட்டும்" என்று சொல்லியிருக்கிறார். மேனேஜர் போட்டோவைப் பார்த்து, "எது, இந்த நர்சரிக் குட்டிக்கு வேண்டியா கம்பெனி நிக்கணும்?" என்று கேட்டாராம். சார் ஒதுங்கி நின்றுகொண்டார். பெரிய கட்டர் கொண்டுவந்து பூட்டை வெட்டி எறிந்துவிட்டு சுவிட்சைப் போட்டார்கள்.

இதையெல்லாம் வெங்கிடேஷ் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் சொன்னதுதான் என்னால் மறக்க முடியவில்லை. வெட்டுவதற்கு முன்னால் உள்ளே நான் இருக்கிறேனா என்று ஒருவர்கூடக் குனிந்து பார்க்கவில்லை. கட்டர் எங்கே, கட்டர் எங்கே என்றுதான் தேடினார்கள்.

இனி பூட்டு மாட்டமாட்டேன், சார் சொல்வதை மட்டும் கேட்பேன் என்று ஒரு பேப்பர் தந்திருக்கிறார்கள். அதில் நான் கையெழுத்துப் போட வேண்டும். பதினேழாம் தேதி வரைக்கும் டைம். போடாவிட்டால் சர்டிபிகேட் கிடையாது, இந்த வருஷம் போகும். வெங்கிடேஷுக்கும் கொடுத்தார்கள். அவன் போட்டுவிட்டான். "எனக்கு வேற வழியில்லை ஆர்யா, அப்பாக்கு அடுத்த மாசத்தோட ரிட்டயர்மென்ட்" என்றான். இருபதாம் தேதி மிக்ஸருக்குள் இறங்குகிறவர்கள் பட்டியலில் அவன் பேர் இருக்கிறது. சாரின் பூட்டுதான்.

நான் சோர்ந்துவிட்டேன், அம்மா. காலேஜில் அண்ணன் மேல் விழுந்த பேரை மாற்றலாம் என்று வந்தேன். வேண்டாத வேலை செய்தவள் என்று என் பேரும் சேரப் போகிறது. நீ சொன்னதுதான் சரி. நான் வந்துவிடுகிறேன். பேப்பரைக் கிழித்துப் போட்டுவிட்டு ரயில் ஏறுகிறேன். வருஷம் போகட்டும்.

வரவா? ஒரு வார்த்தை எழுது.

ஆர்யா


சாலை
12-7-2025

மக்களே ஆர்யா,

வா வா என்று நான் கத்தினது உன் காதில் விழுந்துவிட்டது. கடிதம் கிடைத்ததும் உன் பாயை வெயிலில் போட்டேன். சிஜியிடம் சொன்னேன். புளிக்கறிக்கு மீன் சொல்லிவைத்தேன். எல்லாம் செய்துவிட்டு உட்கார்ந்தால், அந்தக் கரமனைப் பையன் பேர் பட்டியலில் இருக்கிறது என்று எழுதியிருந்தாயே, அது மட்டும் மனசை விட்டுப் போகவில்லை.

நேற்று அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டு மத்தியானம் கரமனைக்கு பஸ் ஏறினேன். அக்ரஹாரத்தில் நாலு வீடு விசாரித்தேன். கஞ்சிக்கோட்டுக்குப் படிக்கப் போன பையன் வீடு என்றால் ஒருவருக்கும் தெரியவில்லை. பேரைச் சொன்ன பிறகுதான், "ஓ, பிச்சுமணி பையனா? அவன் எர்ணாகுளத்துலன்னா இருக்கான்" என்று ஒரு அம்மா கை காட்டினாள்.

பிச்சுமணி சாரும் இருந்தார், அவர் சம்சாரம் ராஜஸ்ரீயும் இருந்தாள். நான் யார் என்று சொன்னேன். சுதீஷைச் சொன்னேன். பூட்டைச் சொன்னேன். ராஜஸ்ரீ கையில் அரிந்துகொண்டிருந்த காயோடு அப்படியே நின்றாள். "ஏசி ரூம், கம்ப்யூட்டர்னு சொன்னானே" என்றாள். அதே வார்த்தை. நீங்கள் எல்லாரும் ஒரே இடத்தில் இருந்துதான் பொய் வாங்குகிறீர்களா?

பிச்சுமணி சார் மரியாதையாகத்தான் பேசினார். "உங்க கஷ்டம் புரியறது. ஆனா கூட யாராவது பெரியவா இருப்பாளோன்னோ. உங்க பொண்ணு கொஞ்சம் துடுக்குன்னு தோணறது. எங்க பையனோட சர்டிபிகேட்டுக்கு இடைஞ்சல் வரப்படாது" என்றார். அவர் வாயை நான் எப்படிக் குறை சொல்வேன். நானும் அப்படி நினைத்தவள்தானே.

ராஜஸ்ரீ மகனுக்குப் போன் போட்டாள். போகவில்லை. போனைக் கேட்டில் வாங்கி வைத்திருப்பார்கள், ஷிஃப்ட் விட்டால்தான் எடுப்பான் என்று நான்தான் சொன்னேன். இது அவளுக்கு அதுவரை தெரியாது. மீட்டிங்கில் இருக்கிறான் என்று நினைத்துக்கொள்வாளாம். காபி கொடுத்தாள். இரண்டு பேரும் அந்தப் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்.

ஷிஃப்ட் விட்டு அவனே கூப்பிட்டான். அவள் ஸ்பீக்கரில் போட்டாள். எடுத்ததும் கேட்டது, "சாப்டியோடா?" என்றுதான். "ஆச்சும்மா, ரெண்டு தோசை" என்றான். எனக்கு அந்தச் சத்தம் எங்கேயோ போய் அடித்தது. அப்புறம் அவள், "மெஷினுக்குள்ள எறங்கறியாமே" என்றாள். அவன் சொன்னான்: "யாரு சொன்னா? ஒரு நாள்தாம்மா. சார் கூட இருப்பார்."

போனை வைத்துவிட்டு ராஜஸ்ரீ என் பக்கம் திரும்பினாள். முகம் தெளிந்துவிட்டது. "சார் கூட இருப்பாராம்" என்று என்னிடம் சொன்னாள். எனக்குத் தைரியம் சொல்கிறாள். நான் அப்படியா என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன். அவள் அடுப்படிக்குப் போனாள்.

பஸ் வரைக்கும் நடக்கும்போது ஒரு முடிவுக்கு வந்தேன். வரவா என்று கேட்டாயே. வராதே.

அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போடு. அம்மாதான் சொல்கிறேன், போடு. பூட்டு மாட்டக் கூடாது என்றுதானே அதில் இருக்கிறது. நிற்கக் கூடாது என்று இல்லையே. ஞாயிற்றுக்கிழமை உன்னை இறங்கச் சொன்னால் தலை சுற்றுகிறது, வயிறு வலிக்கிறது என்று ஏதாவது சொல். பொய் சொல்லத்தான் உனக்குத் தெரியுமே. நீ இறங்காதே. வெங்கிடேஷ் இறங்கின நிமிஷத்தில் இருந்து அந்த சுவிட்சுக்கு முதுகைக் கொடுத்து நில். இரும்பு என்றால் வெட்டுவார்கள். பெண்பிள்ளையை வெட்டிவிட்டு சுவிட்சைப் போடமாட்டார்கள். மேனேஜர் கூப்பிட்டாலும் போகாதே. ஆபீஸில் கையெழுத்து என்று ஆள் வந்தாலும் போகாதே. பிடித்து இழுத்தால் ஊர் கூடுகிற மாதிரிக் கத்து. பத்மகுமார் பூட்டைக் கழற்றினாலும் கழற்றாவிட்டாலும் நீ நகராதே.

சாப்பாட்டு நேரம் வரும். எல்லாரும் போவார்கள். உனக்கும் பசிக்கும். சாப்பிடப் போகாதே. பெற்ற தாய் பிள்ளையிடம் சொல்லக் கூடாத வார்த்தை, சொல்கிறேன்.

பூட்டு போய்விட்டது, சாவியை இனி என்னத்துக்குச் சுமக்கிற என்று அண்ணாச்சி கேட்கிறார். செயினிலேயே கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

போனை அரிசிப் பானையில் இருந்து எடுத்துவிட்டேன். இங்கேயே இன்டர்ன்ஷிப் பார்க்கிற ஜினி துடைத்து சார்ஜ் போட்டுத் தந்திருக்கிறாள். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். சொன்னால் நீ அழுவாய், நானும் அழுவேன், சொல்ல வந்தது போய்விடும். அதனால் ஸ்பீடு போஸ்டில் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவன் வெளியே வந்து, அவன் முகத்தை உன் கண்ணால் பார்த்த பிறகு, இரண்டு பேரும் போய்ச் சாப்பிடுங்கள். சாப்பிட்டுவிட்டு, கேட்டில் போனை வாங்கினதும் என்னைக் கூப்பிடு. நான் எடுப்பேன்.

அம்மா